மறைப்பவள் என்னும் பெயருடையாள்

நீலகிரி மலைச்சாலையில் ஏறிச் செல்வோரைத் தைலமரத்தின் மணம் எதிர்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய நாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பெற்ற அம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் ‘யூகலிப்டஸ்’. ‘நன்கு மூடப்பட்டது’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதன் மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்குக் காரணம் விளங்கும். மொட்டின் தலையில் சிறு குல்லாய் போன்ற மூடி ஒன்று இருக்கும். பூக்கும் வேளையில் அது கழன்று விழ, உள்ளிருந்து மகரந்த இழைகள் கற்றையாய் விரியும்.

இதே வேரில் பிறந்த மற்றொரு சொல்லை நாம் வேறோர் இடத்தில் அறிவோம். திருவிவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டின் கிரேக்கப் பெயர் ‘அப்போகலிப்சிஸ்’. மூடியிருப்பதை அகற்றுதல், திரையை விலக்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். உலகத்தின் பேரழிவு என்னும் பொருள் பிற்காலத்தார் ஏற்றியது.

மூடு, மறை என்று பொருள்படும் அந்த வினையடியிலிருந்து பிறந்த மூன்றாவது சொல் ஒரு பெண்ணின் பெயர். ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் வரும் கடலணங்கு கலிப்சோ. மறைப்பவள் என்பது அவள் பெயரின் பொருள். காவியத்தின் 24 காண்டங்களுள் அவள் நேரில் தோன்றுவது ஐந்தாம் காண்டத்தில் மட்டுமே. பிற இடங்களில் அவளைப் பற்றிய பேச்சு மட்டும் வருகிறது. எனினும் அவள் பெயர் ஒரு சிறுகோளுக்கும், சனிக்கோளின் நிலவு ஒன்றுக்கும், வடநாட்டுக் காட்டு மலருக்கும், போர்க்கப்பல்களுக்கும், ஆய்வுக் கப்பலுக்கும், கரிபியத் தீவுகளின் இசைக்கும் சூட்டப்பெற்று இன்றளவும் வாழ்கிறது.

ஒரு பெயர் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதால் அப்பெயருக்குரியவள் சரியாக நினைவுகூரப்பட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட முடியுமா? பெயரை எடுத்துக்கொண்டவர்கள் ஹோமரிடமிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்? இக்கேள்வியோடு மூலத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரையில் அழும் வீரன்

‘ஒடிசி’யின் முதல் நான்கு காண்டங்களில் காவியத் தலைவன் நேரில் தோன்றுவதில்லை. அவன் மகன் டெலிமாக்கஸ் தந்தையைப் பற்றிய செய்தி தேடி அலைகிறான். ஒடிசியஸ் எங்கே என்று படிப்போரும் ஏங்கத் தொடங்கிய பிறகு ஐந்தாம் காண்டத்தில் ஹோமர் அவனை நமக்குக் காட்டுகிறார். திராய் நகரை வீழ்த்திய சூழ்ச்சியாளனை, வாளேந்திய வீரனை எதிர்பார்க்கும் நம்முன், ஆளற்ற கடற்கரையில் அமர்ந்து அலைகளைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் ஒரு மனிதன் இருக்கிறான். நம் முன்னோர் நெய்தலுக்கு உரிய ஒழுக்கமாக இரங்கலை வைத்தனர். அங்கே கடலைப் பார்த்து இரங்குபவள் பெரும்பாலும் தலைவி. இங்கே ஆண்மகன் இரங்குகிறான்.

அவன் இருக்கும் தீவு ஒகீஜியா. தோழர் அனைவரையும் இழந்து, உடைந்த கப்பலின் அடிமரத்தைப் பற்றியவாறு மிதந்து வந்தவனைக் கலிப்சோ காப்பாற்றி உணவளித்தாள், அன்பு கொண்டாள், தன்னோடு தங்கினால் சாவும் மூப்பும் இல்லாதவனாக்குவேன் என்றாள். ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. அவளிடம் முன்பிருந்த நாட்டம் இப்போது அவனுக்கு இல்லை என்பதை ஹோமர் ஒளிவின்றிச் சொல்கிறார். ‘இப்போது இல்லை’ என்றால் முன்பு இருந்தது என்பதும் அதில் அடங்கும். காவியத் தலைவனைக் குற்றமற்றவனாகக் காட்டும் அவசரம் ஹோமருக்கு இல்லை.

அத்தீவின் அழகை அவர் வருணிக்கும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. குகையின் உள்ளே நறுமணக் கட்டைகள் எரிகின்றன. பொன் நாடா ஓட, பாடிக்கொண்டே தறியில் நெய்கிறாள் அணங்கு. குகை வாயிலில் திராட்சைக்கொடி குலைதள்ளிப் படர்ந்திருக்கிறது. நான்கு ஊற்றுகள் நான்கு திசையிலும் தெளிந்த நீரைச் செலுத்துகின்றன. ஜீயஸின் தூதனாக வந்த ஹெர்மீஸ், தேவனாயிருந்தும், வந்த வேலையை மறந்து சற்று நேரம் நின்று அதை வியக்கிறான்.

இவ்வருணனை வெறும் அலங்காரம் அன்று. தலைவன் மறுக்கப்போகும் பொருள் உண்மையிலேயே விலைமதிப்புள்ளது என்று கவிஞர் முன்கூட்டியே நிறுவுகிறார். தீவு பாழ்நிலமாகவும் அணங்கு கொடியவளாகவும் இருந்திருந்தால், வீடு திரும்ப வேண்டும் என்னும் அவன் ஏக்கத்துக்கு விலை ஏதும் இராது. இழக்கத் தகுந்த ஒன்றை இழந்து பெறும்போதுதான் பெற்றதன் அருமை தெரிகிறது.

சொல்லாமல் விட்ட சொல்

ஒடிசியஸை அனுப்பிவிட வேண்டும் என்னும் ஜீயஸின் ஆணையை ஹெர்மீஸ் தெரிவிக்கிறான். கலிப்சோ நடுங்குகிறாள், பின் வாதாடுகிறாள். பெண்தெய்வம் ஒருத்தி மானிடனை வெளிப்படையாகத் துணைவனாகக் கொண்டால் உங்களுக்குப் பொறாமை எழுகிறது என்பது அவள் குற்றச்சாட்டு. வைகறைத் தெய்வம் ஓரியனை விரும்பியபோது அவன் கொல்லப்பட்டான். தெமீத்தர் இயாசியோனை விரும்பியபோது ஜீயஸ் அவனை இடியால் வீழ்த்தினான் என்று சான்றுகளை அடுக்குகிறாள். ஐரோப்பிய இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றிலேயே, ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் வழக்கைப் பெண் ஒருத்தி கேள்வி கேட்கிறாள். ஹெர்மீஸிடம் அதற்கு விடை இல்லை. ஜீயஸின் சினத்துக்கு அஞ்சிக்கொள் என்று மட்டும் சொல்லிப் போய்விடுகிறான்.

அதன்பின் நடப்பதுதான் என் பார்வையில் இக்காண்டத்தின் உயிர்நாடி. கலிப்சோ கரைக்குச் சென்று ஒடிசியஸிடம், இனி அழ வேண்டாம், உன்னை நான் அனுப்பிவைக்கிறேன் என்கிறாள். ஜீயஸின் ஆணையைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. என் நெஞ்சம் இரும்பன்று, இரக்கமுடையது என்று மட்டும் சொல்கிறாள். ஏழாம் காண்டத்தில் ஒடிசியஸ் தன் கதையைச் சொல்லும்போது, அவள் ஏன் என்னை விடுவித்தாள் என்று அறியேன், ஜீயஸின் செய்தியாலோ அவளே மனம் மாறியதாலோ என்கிறான். அவன் அதைக் கடைசிவரை அவள் வாயிலாக அறியவில்லை. மறைப்பவள் என்னும் பெயருக்கு ஏற்ப அவள் இதையும் மறைத்துவிட்டாள்.

இந்த மறைப்பை எப்படி மதிப்பிடுவது? கட்டாயத்தால் செய்ததைத் தன் பெருந்தன்மை போலக் காட்டிக்கொண்டாள் என்று சொல்வார் உளர். அவ்வாசிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏழாண்டுகள் ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக நிறுத்திவைத்தவள் அவள். ஆணை வந்திராவிட்டால் விட்டிருக்கவும் மாட்டாள். அதை மறந்து அவளைப் புகழ்வது கரையில் அழுத மனிதனுக்கு நாம் செய்யும் அநீதி.

ஆயினும் ஆணை கேட்டது என்ன, அவள் செய்தது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அனுப்பிவிடு என்பது மட்டுமே ஆணை. அவளோ பெரிய கோடரி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கிறாள். இழைக்கும் கருவியையும் துளைக்கும் கருவியையும் தருகிறாள். உயர்ந்த மரங்கள் நிற்கும் இடத்துக்கு அவளே முன்னே நடந்து வழிகாட்டுகிறாள். அவன் 20 மரங்களை வெட்டிச் சாய்த்து, நான்கு நாள்களில் தெப்பத்தைக் கட்டி முடிக்கிறான். பாய்க்குத் துணி தருபவளும் அவளே. தண்ணீர், மதுரசம், உணவு அனைத்தையும் ஏற்றுகிறாள். இதமான காற்றை வீசச் செய்கிறாள். கரடி விண்மீன் கூட்டத்தை இடக்கைப் பக்கம் வைத்துச் செல் என்று வழியும் சொல்லித் தருகிறாள். வேண்டா வெறுப்பாக விடுவிப்பவர் பாய்க்குத் துணி தேடுவதில்லை. வெளியிலிருந்து வந்த கட்டளையை அவள் தன் கைகளின் வேலையாக மாற்றிக்கொண்டாள். கட்டாயமாக வந்த ஒன்றைக் கொடையாக மாற்றுவதற்கு மனிதருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதானே.

புறப்படுமுன் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வழியில் நீ படப்போகும் துன்பங்களை அறிந்தால் இங்கேயே தங்கிவிடுவாய். நீ நாள்தோறும் ஏங்கும் உன் மனைவியைவிட நான் எவ்வகையில் குறைந்தவள் என்கிறாள். ஒடிசியஸின் மறுமொழி நேர்மையானது. பெனலோப்பி அழகிலும் தோற்றத்திலும் உனக்கு ஈடாகாள். அவள் சாகப் பிறந்தவள், நீ சாவும் மூப்பும் அற்றவள் என்று ஒப்புக்கொள்கிறான். ஆயினும் வீடு திரும்பும் நாளையே நான் விரும்புகிறேன் என்கிறான். மனைவி உயர்ந்தவள் என்று அவன் வாதிடுவதில்லை. தராசில் எடைபோட்டு அன்பு செய்வோர் இல்லை என்பதை அவன் அறிவான். மூப்படையும் ஒருத்தியோடு மூப்படைந்து, ஒருநாள் இறக்கும் வாழ்வையே அவன் தேர்ந்துகொள்கிறான். முடிவில்லாத வாழ்வு ஏன் வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடையை நான் படித்ததில்லை.

ஹோமர் இன்னொன்றையும் மறைப்பதில்லை. பதினேழு நாள் கடந்து தெப்பம் கரையை நெருங்கும் வேளையில் பொசைடன் எழுப்பிய புயல் அதைச் சிதைக்கிறது. அப்போது ஒடிசியஸை நீருக்குள் இழுப்பது எது தெரியுமா? கலிப்சோ அன்போடு அணிவித்த ஆடைகள். அவை நனைந்து கனத்து அவனை அமிழ்த்துகின்றன. லெவ்கோத்தேயா என்னும் மற்றொரு கடல்தெய்வம் தோன்றி, அவ்வாடைகளைக் களைந்துவிடு என்று சொல்லித் தன் முக்காட்டைத் தருகிறாள். கரை சேர்ந்ததும் அதைத் திரும்பக் கடலில் எறிந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒருத்தியின் கொடை உடலோடு ஒட்டிக்கொண்டு கனக்கிறது. மற்றவளின் கொடை காத்து, கடமை முடிந்ததும் திரும்பிவிடுகிறது. நல்ல மனத்தோடு கொடுத்ததிலும் பற்று ஒட்டியிருக்கலாம் என்று கவிஞர் ஒரு சொல்லும் விளக்கம் கூறாமல் காட்டிவிடுகிறார்.

கலிப்சோவைப் பற்றியோ அதன்பின் நேரடிக் காட்சி ஏதும் இல்லை. அவள் அழுதாளா, தறியில் மீண்டும் அமர்ந்தாளா? கவிஞர் சொல்லவில்லை. தெப்பம் போன திசையில்தான் காவியமும் போகிறது.

பேராயரின் கலிப்சோ

அந்த மௌனத்தை நிரப்ப முன்வந்தவர்களுள் புகழ்பெற்றவர் ஒரு கத்தோலிக்கப் பேராயர். பிரான்சுவா ஃபெனெலோன் 1689இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரனுக்கு ஆசிரியராக அமர்ந்தவர். 1695இல் கம்ப்ரே உயர்மறைமாவட்டத்தின் பேராயரானார். தம் மாணவனாகிய இளவரசனுக்கு அறம் புகட்ட அவர் எழுதிய உரைநடைக் காவியம் ‘டெலிமாக்கஸின் பயணங்கள்’. அவருடைய இசைவின்றி 1699இல் அது அச்சேறியது. போரிலும் ஆடம்பரத்திலும் திளைத்த மன்னரைச் சாடும் நூலாகவே அரசவை அதைப் படித்தது. அதற்கு முன்பே அரசவையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஃபெனெலோன் 1715இல் இறக்கும்வரை தம் மறைமாவட்டத்திலேயே வாழ்ந்தார். நூலோ 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற நூல்களுள் ஒன்றாயிற்று.

ஹோமர் விட்ட இடத்தில் ஃபெனெலோன் தொடங்குகிறார். ஒடிசியஸ் பிரிந்ததை ஆற்ற முடியாமல், சாவில்லாத தன் நிலையே தனக்குத் துன்பம் என்று வருந்தும் கலிப்சோவை முதலிலேயே காட்டுகிறார். எவ்வளவு நுண்ணிய தொடக்கம்! சாகாதவளுக்குத் துயரமும் சாகாது என்பதை ஹோமர் சொல்லாமல் விட்டதிலிருந்து இவர் உய்த்துணர்ந்தார்.

ஆனால் கதை வளர வளர அந்நுண்மை தேய்கிறது. தந்தையைத் தேடிவந்து கப்பலுடைந்து அதே தீவில் கரையேறும் டெலிமாக்கஸ்மீது கலிப்சோ காதல் கொள்கிறாள். இளைஞனோ அவள் தோழியாகிய மற்றோர் அணங்கை விரும்புகிறான். கலிப்சோ பொறாமைத் தீயாய் மாறுகிறாள். அவனோடு ஆசானாக வந்த மென்ட்டோர் கட்டிய மரக்கலத்தை அணங்குகள் எரிக்கின்றனர். இறுதியில் மென்ட்டோர் இளைஞனைப் பாறையிலிருந்து கடலுக்குள் தள்ளித் தானும் குதித்து அவனைக் காப்பாற்றுகிறார். பாவத்தின் வாய்ப்பை எதிர்த்துப் போராடாதே, ஓடிவிடு என்பது பாடம்.

முடிசூட வேண்டிய ஓர் இளைஞனுக்கு அப்பாடம் தேவையாக இருந்திருக்கலாம். ஆசிரியர் என்னும் முறையில் ஃபெனெலோனைக் குறைகூற நான் துணியேன். இலக்கியம் என்னும் முறையில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கையில் கலிப்சோ ஒரு பெண்ணாக இல்லாமல் ஒரு சோதனையாகச் சுருங்கிவிட்டாள். சோதனைக்கு வரலாறு இல்லை, வழக்கு இல்லை, மனமாற்றமும் இல்லை. விடை கொடுக்கும் கலிப்சோவுக்கு அங்கே இடம் இல்லாமற் போயிற்று.

இதில் ஒரு வருத்தமான முரணும் உண்டு. அதே 1699ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட், ஃபெனெலோனின் வேறொரு நூலிலிருந்து எடுத்த 23 கூற்றுகளைக் கண்டித்தார். கைம்மாறு கருதாமல், தன்னலம் சிறிதும் கலவாமல் இறைவனை அன்பு செய்வது பற்றிய நூல் அது. ஃபெனெலோன் அத்தீர்ப்புக்கு வெளிப்படையாகப் பணிந்தார். தன்னலமற்ற அன்பு எத்தகையது என்னும் கேள்விக்காக இவ்வளவு விலை கொடுத்தவர், தமக்கெனக் கிடைக்காத ஒருவனுக்குப் பாய்த்துணி தந்து வழியனுப்பிய கலிப்சோவைத் தம் கதையில் காட்டவில்லை. கண்டிருந்தால் அவருடைய காவியம் இன்னும் ஆழம் பெற்றிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922இல் வெளியிட்ட ‘யுலிசீஸ்’ புதினத்தின் நான்காம் பகுதியை ஆய்வாளர்கள் ‘கலிப்சோ’ என்றே குறிப்பர். ஜாய்ஸ் வகுத்த திட்டத்தில் இருந்த பெயர் அது. டப்ளின் நகரத்து வீடொன்றில் கணவன் காலையுணவு சமைத்து, படுக்கையில் இருக்கும் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கட்டிலுக்கு மேல் ஓர் அணங்கின் படம் தொங்குகிறது. இப்பகுதியில் கலிப்சோவின் இடத்தில் நிற்கும் அதே மனைவி, இறுதிப் பகுதியில் பெனலோப்பியின் இடத்தில் நிற்கிறாள். கட்டிவைப்பவளும் காத்திருப்பவளும் வேறு வேறு தீவுகளில் இல்லை, ஒரே வீட்டில் ஒரே பெண்ணாக இருக்கிறாள் என்பது ஜாய்ஸின் கண்டுபிடிப்பு. ஃபெனெலோன் பிரித்ததை அவர் சேர்த்துவைத்தார் எனலாம்.

கடலிலும் வானிலும்

ஏட்டைவிட்டு வெளியே வந்தால், அப்பெயரை மிகுதியும் சுமந்தவை கப்பல்கள். பிரித்தானியக் கடற்படையில் அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல்கள் பல. அவற்றுள் ஒன்று 1940 ஜூன் 12 அன்று கிரேத்துத் தீவின் தெற்கே இத்தாலிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. கலிப்சோவின் பெயர் கிரேக்கக் கடலிலேயே அடியாழத்தில் மறைந்தது.

இன்னொரு கப்பலின் கதை இதற்கு நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளை அகற்றுவதற்காக அமெரிக்காவில் கட்டப்பெற்று, பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய மரக்கப்பல் அது. போருக்குப் பின் மால்டாத் தீவுக்கும் கோசோத் தீவுக்கும் இடையே மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகாயிற்று. கோசோவே கலிப்சோவின் தீவு என்பது பழைய மரபு; அங்குள்ள குகை ஒன்றை இன்றும் அவள் குகை என்று காட்டுவர். ஆதலால் கப்பலுக்கும் அப்பெயர் அமைந்தது.

மால்டா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் திருத்தூதர் பவுல். கப்பலுடைந்து அத்தீவில் கரையேறியவர், மூன்று மாதங்களுக்குப் பின் ஏறிச் சென்ற அலெக்சாந்திரியக் கப்பல் கிரேக்க இரட்டைத் தெய்வங்களின் சின்னத்தைத் தாங்கியிருந்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் பதிவு செய்கிறது. லூக்கா அதைக் குறிப்பிடுகிறார், கண்டிக்கவில்லை. பழங்கதையின் பெயர் தாங்கிய மரக்கலம் நற்செய்தியைச் சுமந்து செல்வதில் அவருக்குத் தடையேதும் தோன்றவில்லை போலும்.

கோசோவின் படகு 1950இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் ஈவ் கூஸ்தோவின் கைக்கு வந்தது. அதை வாங்கிய செல்வர் ஆண்டுக்கு ஒரே ஒரு பிராங்க் வாடகைக்கு அவருக்கு விட்டார். கடலடி உலகைக் காட்டிய அவருடைய ‘மௌன உலகம்’ திரைப்படம் 1956இல் கான் விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. மனிதக் கண்ணுக்கு மூடியிருந்த ஆழத்தைத் திறந்து காட்டிய கப்பலின் பெயர் மறைப்பவள்! திரையை விலக்கியதால் அதை அப்போகலிப்சிஸ் என்றே அழைத்திருக்கலாம். 1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெரும்படகு ஒன்று மோதியதால் கப்பல் மூழ்கி, பின்னர் தூக்கி எடுக்கப்பெற்றது. அடுத்த ஆண்டு கூஸ்தோவும் மறைந்தார்.

வானியலாருக்கும் இப்பெயர் பிடித்திருக்கிறது. 1858இல் ஜெர்மானிய வானியலார் ராபர்ட் லூத்தர் கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்கு அதை இட்டனர். அதன் எண் 53. 1980இல் கண்டறியப்பட்ட சனியின் சிறு நிலவுக்கும் அதே பெயர். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள அந்நிலவின் பாதை வியப்பானது. டெத்தீஸ் என்னும் பெரிய நிலவு செல்லும் அதே பாதையில், அதற்கு 60 பாகை பின்னால், ஈர்ப்பு விசைகள் சமன்படும் இடத்தில் அது சென்றுகொண்டிருக்கிறது. டெத்தீஸை எட்டிப் பிடிப்பதில்லை. விட்டு விலகுவதும் இல்லை. ஹோமர் கலிப்சோவை அட்லஸின் மகள் என்கிறார். ஹெசியோடின் பட்டியலிலோ அப்பெயருடையாள் டெத்தீஸின் பெண்மக்களுள் ஒருத்தி. தாயின் பாதையில் மகள் தொடர்வது போல் பெயர் பொருந்தியிருக்கிறது.

வடபுலத்து ஊசியிலைக் காடுகளின் நிழலில், பாசிப் படுகைகளில் ஒளிந்து பூக்கும் ஒற்றை இதழ்ப்பை மலர் ஒன்றுக்கும் கலிப்சோ என்று பெயர். ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்த அது நிறத்தாலும் மணத்தாலும் வண்டை அழைக்கும். உள்ளே தேன் இராது. பெயர் வைத்தவர்கள் மறைவிடத்தை நினைத்தார்களோ, மயக்கத்தை நினைத்தார்களோ, இரண்டுக்கும் மலர் பொருந்திப்போகிறது.

டிரினிடாட் தீவின் கலிப்சோ இசை இவை அனைத்திலும் வேறுபட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த மக்கள், ஆள்வோரை எள்ளியும் ஊர்ச்செய்தியைப் பாடியும் வளர்த்த பாட்டு வகை அது. அதன் பழைய பெயர் ‘கைசோ’. மேற்கு ஆப்பிரிக்க வேருடையது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒலி ஒப்புமையால் கிரேக்க அணங்கின் பெயர் அதன்மேல் வந்து அமர்ந்துகொண்டது. ஹாரி பெலஃபாண்டே 1956இல் அப்பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு அதை உலகெங்கும் பரப்பியது. நூல்களில் படித்த ஐரோப்பியப் பெயர் ஒன்று, எளிய மக்களின் சொந்தப் பெயரை மூடிவிட்டது. மறைப்பவள் என்னும் பெயர் தன் பொருளைச் சற்றுக் கொடுமையாகவே நிறைவேற்றிக்கொண்ட இடம் இது. அப்பாடகர் பலர் இன்றும் ‘கைசோ’ என்று முழங்கியே நல்ல பாட்டைப் பாராட்டுவது நமக்கு ஆறுதல்.

எடுத்ததும் விட்டதும்

தொகுத்துப் பார்ப்போம். ஒருவர் அவளிடமிருந்து மயக்கத்தை எடுத்தார்; ஒருவர் துயரத்தை எடுத்தார்; மாலுமிகள் கடலை எடுத்தனர்; தாவரவியலார் மறைவை எடுத்தனர்; வானியலார் பெயர்ப் பட்டியலிலிருந்து ஓர் ஒலியை எடுத்தனர். அவள் கொடுத்த கோடரியை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கோடரிதான் என்னைப் பொறுத்தவரை கலிப்சோவின் உண்மையான அடையாளம். தன் தீவின் மரங்களை வெட்டுவதற்கு, தன்னைவிட்டுப் போகும் மரக்கலத்தைக் கட்டுவதற்கு, அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்த கருவி அது. அதற்கு முந்திய ஏழாண்டுகளை அது அழித்துவிடாது. ஆடைகள் கனத்ததையும் மறக்கச் செய்யாது. ஆனால் பற்றிக்கொள்ளும் அன்பு, விடை கொடுக்கும் அன்பாக மாறக்கூடும் என்பதற்கு அது சான்று. அம்மாற்றம் பிறர் சொல்லித் தொடங்கினாலும் தன் கைகளால்தான் முடிக்கப்பட வேண்டும் என்பதற்கும் சான்று.

மகனை வெளிநாட்டுக்கு வழியனுப்பும் தாயும், மகளை மணமுடித்து அனுப்பும் தந்தையும், வளர்த்த மாணவன் தம்மைக் கடந்து செல்வதைக் காணும் ஆசிரியரும் இக்கோடரியை அறிவர். அவர்களும் விரும்பி அனுப்புவதில்லை. காலத்தின் ஆணை வந்துவிடுகிறது. ஆணைக்குப் பணிந்து கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடலாம். அல்லது மரம் நிற்கும் இடம்வரை முன்னே நடந்து, பாய்க்குத் துணி கிழித்துக் கொடுத்து, எந்த விண்மீனை இடக்கைப் பக்கம் வைத்துப் போக வேண்டும் என்றும் சொல்லித் தரலாம்.

தைலமரத்தின் மொட்டு தன் மூடியை உதிர்த்தால்தான் பூ வெளிவரும். மறைப்பவள் என்று பெயர் பெற்றவளும் ஒருநாள் தன் மறைவிடத்தைத் திறந்து ஒருவனைக் கடலுக்குக் கொடுத்தாள். 24 காண்டங்களுள் ஒரு காண்டமே அவளுக்குக் கிடைத்தது. அந்த ஒன்றை நாம் முழுமையாகப் படித்தால் போதும்.